பத்தேகால் மணிப் பதிவு

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ காகிதத்தில் படிக்கப்போவதில்லை. கூடத்து மூலையில் இருக்கிற உன் பழைய கம்ப்யூட்டரில், ஊர் உலகமெல்லாம் பார்க்கிற இடத்தில்தான் படிக்கப்போகிறாய். படித்து முடித்த பிறகு உன் அம்மாவோடு பேசுவாயோ மாட்டாயோ, தெரியாது. காலையில் உன் அப்பாவுக்குக் கொடுத்த பிரஷர் மாத்திரையையே மறுபடியும் கொண்டுபோய் நீட்டி, "என்னைய ஒரேயடியா அனுப்பிவிடப் பாக்குறியா?" என்று திட்டு வாங்கினேன். நாளை மறுநாள் நீயும் என் மருமகள் செல்வியும் சிங்கப்பூருக்குக் குடிபோகிறீர்கள். அதற்குள் சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் சொல்லமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் இரண்டு பேரும் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். "மொட்டைமாடிக் கொடி" என்று ஒரு வலைப்பூ இருந்ததே, வில்லாபுரத்து அக்கா என்று ஒருத்தி பெயர் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்தாளே, நீகூட ஒரு தடவை சென்னையிலிருந்து போனில், "ஒரு பொம்பள நம்ம ஊர்ப் பேச்சுல பின்னி எடுக்குதும்மா" என்று சொன்னாயே, அந்தப் பொம்பளை நான்தான். சிரிக்காதே. உன் அம்மா தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள். இருபத்தாறு வருஷம் ஆபிஸில் அடுத்தவன் சொன்னதையே தட்டித் தட்டி விரல் தேய்ந்தவள். நீ வேலைக்குப் போனபோது கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டுப் போனாய். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தேன். உன் அப்பா சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். ஒரு நாள் துணியை எடுத்தேன், அம்புட்டுத்தான். பக்கத்து வீட்டுச் சண்டை, ரேஷன் கடை வரிசை, ஷேர் ஆட்டோவில் மடியில் உட்காராத குறையாக வரும் ஆட்கள் என்று ஆரம்பித்தேன். படித்தவர்கள் பின்னூட்டம் போட்டார்கள். "அக்கா, இன்னைக்கு ஆபிஸ்ல வாய்விட்டுச் சிரிச்சு மாட்டிக்கிட்டேன்" என்று யாரோ முகம் தெரியாத பிள்ளை எழுதும். இருபத்தாறு வருஷத்தில் என் மேஜைக்கு வந்து ஒருத்தரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ருசி பொல்லாதது.

தெருவைப் பற்றி எழுதித் தீர்ந்ததும் வீட்டுக்குள் வந்தேன். உன் அப்பாவை எழுதினேன். உன்னையும் எழுதினேன். பத்தாம் வகுப்பில் ஃபெயிலான மார்க் ஷீட்டை நீ அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததைக்கூட விடவில்லை. பிறகு உன் பெரியத்தையை எழுதினேன். உன் அப்பாவின் அக்காவாயிற்றே, அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வாரத்துக்கு மூன்று பதிவு தேறும். அதில்தான் மாட்டப் பார்த்தேன். அவர் மகன் அதைப் படித்துவிட்டு, "அம்மா, அச்சு அசலா உன்னைய மாதிரியே ஒருத்தரை எழுதுறாங்க" என்று சொல்லியிருக்கிறான். பெரியத்தை நேராக வீட்டுக்கு வந்து, "ஏத்தா, எனக்குப் படிக்கத்தான் தெரியாது, மண்டையில மசாலா இல்லைனு நினைக்காத. எழுதுறது நீதான?" என்று கேட்டார். அன்றைக்கு இல்லை என்று சாதித்தேன். ஆனால் நான் நீட்டிய டம்ளரில் காபி பாதிதான் இருந்தது, மீதி டபராவில் கிடந்தது.

தப்பிக்க வழி சொல்லிக்கொடுத்தது நீதான், தெரியுமா? தீபாவளிக்கு வந்திருந்தபோது உன் சிநேகிதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். "மாப்ள, இப்பவே எழுதி வச்சிட்டு, என்னைக்கு எத்தனை மணிக்குன்னு குறிச்சுவிட்டா போதும்டா. நீ எங்க இருந்தாலும் அது அந்த நேரத்துக்குத் தானா வெளிய வந்துரும்." நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். அந்த வாரமே பெரியத்தையைப் பற்றி ஒரு பதிவை எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் என்று குறித்துவிட்டு, சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய் அவர் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். பத்து இருபதுக்கு அவர் மகன் போன் பண்ணினான். "புதுசா ஒண்ணு இப்பத்தான் போட்டிருக்காம்மா, பத்து நிமிசம்கூட ஆகல." பெரியத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கையில் கம்ப்யூட்டர் இல்லை, பலகாரத் தட்டுதான் இருந்தது. "ஆத்தி, உன்னையப் போயிச் சந்தேகப்பட்டேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை தம்பி. கொழுப்புத்தான் வந்தது.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. எது வந்தாலும் பத்தேகாலுக்குத்தான் வரும். அந்த நேரத்தில் நான் நாலு பேர் கண் முன்னால் இருப்பேன். பதிவு எவ்வளவு வம்பானதோ அவ்வளவு பெரிய கூட்டத்தில் போய் நின்றுகொள்வேன். இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது. கல்லை எறிந்துவிட்டு ஓடுகிறவனாவது பயந்து ஓடுகிறான். நான் அடிபட்டவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஐயோ பாவம், யார் எறிஞ்சாங்க?" என்று கேட்டவள்.

செல்வியைப் பெண் பார்க்கச் சோழவந்தான் பக்கம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நாம் போய் உட்காரவும் கரண்ட் போனது. பொழுது சாய்கிற நேரம், கூடம் முழுக்க இருட்டு. செல்வி காபித் தட்டோடு வந்து நின்றாள். அவள் அப்பா என்ன செய்தார்? வயலுக்குக் கொண்டுபோகிற பெரிய டார்ச் லைட்டை எடுத்துவந்து, "நல்லாப் பாத்துக்கங்க" என்று மகள் முகத்தில் அடித்தார். உன் அப்பா புரையேறி இருமினார். செல்வி அடக்க முடியாமல் தலையைத் தூக்கிக் கொல்லென்று சிரித்துவிட்டாள். எம்புட்டு நல்ல சிரிப்பு அது! அந்த நிமிஷமே உனக்கு அவள்தான் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன், சத்தியமாக. ஆனால் வீட்டுக்கு வந்து இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் என் விரல் வேறு ஒன்றைத் தட்டியது. "டார்ச் வெளிச்சத்தில் முதலில் வந்து வாங்க என்று சொன்னது பெண்ணின் முன்பல். அதற்குப் பின்னால்தான் பெண் வந்தது." இப்படி ஒரு பத்தி இல்லை, ஒரு பக்கம். அவள் முன்பல் இரண்டும் லேசாக ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், அவ்வளவுதான் சங்கதி. அதை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். எனக்கே மேல்வரிசையில் மூன்று கட்டுப்பல். அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பேனா?

கல்யாண வேலையில் எழுத முடியாது என்று பத்து நாளைக்குப் பத்துப் பதிவு முன்கூட்டியே எழுதிக் குறித்துவைத்தேன். டார்ச் லைட் பதிவை எந்த நாளுக்குப் போடுவது என்று யோசித்தேன். என் கணக்குப்படி வம்பான பதிவுக்குப் பெரிய கூட்டம் வேண்டும். உன் கல்யாணத்தைவிடப் பெரிய கூட்டம் என் வாழ்க்கையில் ஏது? உன் கல்யாண நாள், காலை பத்தேகால் என்று குறித்தேன். புத்தி கெட்டவள் என்று நீ சொல்லலாம். நான் மறுக்கமாட்டேன்.

அவனியாபுரத்து மண்டபத்தில் நீ தாலி கட்டி முடித்து, பால் பழம் கொடுத்துக்கொண்டிருந்தோம். செல்வி பக்கத்தில் நின்ற சித்தி மகளிடம் காதோடு காதாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. "இன்னைக்குப் பத்தேகாலுக்கு மொட்டைமாடிக் கொடி வந்துரும்டி. அந்த அக்கா என்ன எழுதியிருக்கோ! ஆபிஸ்ல சொல்லிட்டு வந்திருக்கேன், லீவு முடியிறவரைக்கும் ஒண்ணு விடாம பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லி." சிம்மக்கல்லில் டிராவல்ஸ் ஆபிஸில் அவள் டிக்கெட் போடுகிற வேலை பார்த்தாள் அல்லவா, அங்கே நெட்டும் உண்டு, பிரிண்டரும் உண்டு. நான் பால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தூணைப் பிடித்ததைப் பார்த்து, "அத்தே, உக்காருங்க, காலையிலிருந்து நிக்கிறீங்க" என்றாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. வாய் கொள்ளாத சிரிப்பு. தம்பி, அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பயந்ததில்லை. உன்னைப் பெற்றபோதுகூட இல்லை.

மணி ஒன்பதரை. "மணமக்கள் வீட்டுக்கு வர்றதுக்குள்ள போயி ஆரத்தி கரைக்கணும்" என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். "ஏத்தா, தனியாப் போறியா? இரு, நானும் வாரேன்" என்று பின்னாலேயே வந்தார் பெரியத்தை. வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? ஆட்டோவில் வில்லாபுரம் வந்து இறங்கும்போது பத்துக்கு எட்டு நிமிஷம். செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். அது எழுந்திருக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உனக்குத்தான் தெரியுமே. "கல்யாண நாளும் அதுவுமா இத எதுக்குத்தா போடுற?" என்றார் பெரியத்தை. "மணி பாக்க" என்றேன். சுவரில் கடிகாரம் அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மோடத்தில் விளக்கு ஒவ்வொன்றாக வந்தது. பாஸ்வேர்டை ஒரு தடவை தப்பாக அடித்தேன். இரண்டாம் தடவை சரியாக அடித்து, பக்கம் திறக்கிற நேரத்தில் திரை கறுத்துப்போனது. மணி பத்து. அந்த வருஷத்தில் நம் ஏரியாவுக்குக் கரண்ட் கட் பத்திலிருந்து பன்னிரண்டு. ஒரு மாதமாகக் கரண்ட் போகும் நேரம் பார்த்து மாவாட்டியவளுக்கு அது மறந்துபோனது. சிம்மக்கல் பக்கம் ஏதாவது பிரௌசிங் சென்டருக்கு ஓடலாமா என்றால், போய்ச் சேரவே அரை மணி நேரம். பத்தேகாலுக்குச் செத்துப்போன திரையின் முன்னால் நின்று, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தேன். "என்னத்தா இம்புட்டுச் சுண்ணாம்பு, ரத்தமாட்டம் செவந்து கிடக்கு" என்றார் பெரியத்தை. நீங்கள் வந்தீர்கள். அந்த ஆரத்தியைத்தான் உங்களுக்குச் சுற்றினேன்.

பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்தது. சாப்பாட்டு மயக்கத்தில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் படுத்திருந்தார்கள். பதிவைத் திறந்தேன். அதற்குள் பதினொரு பின்னூட்டம். "பல்லு மேட்டர் சூப்பர் அக்கா" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அழித்துவிட்டேன். அழித்து என்ன செய்ய? பிரிண்டரிலிருந்து வெளியே வந்த காகிதத்தை எந்தப் பொத்தானை அழுத்தி அழிப்பது? சாயங்காலம் வரவேற்புக்கு அவள் ஆபிஸ் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். பரிசுப் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் ஃபைல், ரிப்பன் கட்டி. "குடும்மா, நான் வாங்கி வைக்கிறேன்" என்று கையை நீட்டினேன். "இருக்கட்டும் அத்தே, பாத்துட்டுத் தாரேன்" என்றாள் செல்வி. அந்த நேரம் பார்த்துப் பந்தியில் சாம்பார் பற்றவில்லை என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தபோது ஃபைல் அவள் நாற்காலிக்கு அடியில் இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்றைய பக்கம் அதில் இருந்திருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மிச்சம் குறித்துவைத்திருந்ததெல்லாம் அந்தந்த நாளில் பத்தேகாலுக்கு வந்து தீர்ந்தது. நிறுத்தக்கூட அந்தப் பக்கத்தைத் திறக்கப் பயம். அதன் பிறகு இரண்டு வருஷமாக ஒரு எழுத்து எழுதவில்லை.

இந்த இரண்டு வருஷமும் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. தினமும் ஆபிஸில் உட்கார்ந்து படித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு அந்த வலைப்பூவின் பெயரை ஒரு நாளும் எடுத்ததில்லை. வில்லாபுரத்துக்கே வாழ வந்திருக்கிறாள், "அந்த அக்கா யாருன்னு தெரியுமா அத்தே?" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. சிரிக்கும்போது இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். புதுப்பெண் கூச்சம் என்று நினைத்தேன். இரண்டு வருஷமாகவா கூச்சம் இருக்கும்? சிக்குன்குனியா வந்து மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொண்டு நான் கிடந்தபோது, என்னைத் தூக்கிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோனவள் அவள்தான். தலையில் தண்ணீர் ஊற்றும்போது, "கண்ண மூடிக்கங்க அத்தே, சோப்பு பட்டுரும்" என்பாள். இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் செய்கிறாளா? கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் நினைப்பேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் பயம் விட்டுப்போயிருக்கும்.

இதை உன் பொண்டாட்டியிடம் மட்டும் சொல்லாமல் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீயும் என் வயிற்றில் பிறந்தவன்தானே. போன மாதம் உனக்கும் அவளுக்கும் ஏதோ வாக்குவாதம். நீ ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனாய். அரை மணி நேரம் கழித்து பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினாய். அவள் அடுப்படியில் நின்று அதைப் படித்ததையும், போனை மாவு டின் மேல் கவிழ்த்து வைத்ததையும் நான் பார்த்தேன். என்ன எழுதியிருந்தாயோ, எனக்கு வேண்டாம். ஆனால் நீ அங்கே இல்லை தம்பி. சொன்னவன் ஒரு இடத்தில், சொல் ஒரு இடத்தில். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்கே விளங்கியது. கோபம் வந்தால் கத்து, பாத்திரத்தைக்கூடப் போட்டு உருட்டு, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல். முகத்தைப் பார்த்தால் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். டார்ச் வெளிச்சத்தில் அவள் முகம் பார்த்தபோது என் வாயில் அந்தப் பல் கிண்டல் வரவில்லை, பார்த்தாயா? தனியாக உட்கார்ந்தபோதுதான் வந்தது. சிங்கப்பூரில் உங்களுக்கு நடுவில் சமாதானம் பேச நாங்கள் இருக்கமாட்டோம். அதனால்தான் சொல்கிறேன்.

நேற்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். கல்யாண சி.டி.யை இரண்டு வருஷமாக நான் யாரையும் போடவிட்டதில்லை. பிளேயர் ரிப்பேர் என்பேன், கரண்ட் போகப்போகிறது என்பேன். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன், நீ மார்க் ஷீட் வைத்த அதே இடம். நேற்று பெட்டி கட்டும்போது நீ அதைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டாய். நான் முறுக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்தேன், வேறு வழி? காலை முகூர்த்தத்தில் செல்வி வாய் நிறையச் சிரிக்கிறாள், இரண்டு கையும் மடியில். சாயங்காலம் வந்தது. ஆபிஸ் பெண்கள் வந்தார்கள். நான் கையை நீட்டுகிறேன், பிறகு எழுந்து போகிறேன். செல்வி ரிப்பனை அவிழ்த்துக் காகிதத்தை எடுக்கிறாள். நீ வாய்விட்டுச் சிரித்தாய். "பாரும்மா, மேடையில உக்காந்து பேப்பர் படிக்கிறா!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் அவள் படித்துக்கொண்டே இருந்தாள். பாதியில் நிறுத்தி, தலையைத் தூக்கி, கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். நான் போன திசையில். பிறகு காகிதத்தை மடித்து உள்ளே வைத்தாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரித்தாள். இடது கை மெல்ல மேலே வந்து வாயை மூடியது.

நான் திரும்பிச் செல்வியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். "பால் பொங்குது அத்தே" என்று சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை தம்பி. நேற்று நாலு மணிக்கே பால் தீர்ந்துபோயிருந்தது.

தாலி ஏறிய அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் என் ஆரத்தித் தண்ணீர் காய்வதற்கு முன்னாலேயே என்னை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு இந்த வீட்டில் இருந்திருக்கிறாள். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் முகத்தில் நான் கண்டுபிடித்திருப்பேன்.

செல்வி, இந்த நாலு வரி உனக்கு. தப்பு என் விரலில்தான், உன் பல்லில் இல்லை. உன்னை அன்றைக்கு எனக்குப் பிடித்ததே அந்தச் சிரிப்பால்தான். அதை நானே மூடிவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கையை எடுத்துவிடும்மா, அதுதான் நான் கேட்பது.

தம்பி, மணி பத்து எட்டு. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்கிற கட்டம் திரையில் காலியாக இருக்கிறது. நேற்று சாயங்காலமே இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் விமானம் ஏறுகிற நேரத்தைக் குறித்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது, பொய் சொல்லமாட்டேன். குறித்தேன்கூட. பிறகு அழித்துவிட்டேன். இன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை, கடைக்குப் போகவில்லை. வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அழுத்திவிட்டு உங்கள் இரண்டு பேரையும் கூப்பிடுவேன். நீங்கள் படித்து முடிக்கிறவரை எழுந்திருக்கமாட்டேன்.

உள்ளே நீ பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து மூட முடியாமல் மூச்சு வாங்குகிறாய். செல்வி ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. அவள் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது தம்பி. அழுத்துகிறேன்.